குழல் கசெட் பினாங்குக்குப் போன கதை

1. பின்னறை

திருகோணமலை டவுனில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் ஒரு ரெக்கோடிங் பாரில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆட்களோடு கதைக்க எனக்குக் கூச்சம். அதனால் அந்த வேலை பிடித்துக்கொண்டது. முன்கடையில் முதலாளி நின்று வருகிறவர்களைப் பார்ப்பார். நான் பின்னறையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அவர்கள் கேட்ட பாட்டுகளைக் கசெட்டில் பதிந்து, பெட்டிக்குள் வைக்கும் மட்டையில் பாட்டின் முதல் அடிகளை எழுதி வைப்பேன். ஒரு நாளில் நாலு வசனம் பேசினால் அதிகம்.

முதலாளி கிண்ணியா முஸ்லிம். நாங்கள் அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவோம். முதல் நாளே எனக்கு ஒரு பாடம் சொன்னார்.

"தங்கச்சி, டேப் சும்மா ஓடக் கூடாது. ஒரு பாட்டு முடிஞ்சா போஸ் பட்டனை அமத்து. அடுத்த பாட்டு துவங்கேக்க விடு. வெறும் டேப்பை வாங்கிக்கொண்டு போக ஆரும் இஞ்ச வாறதில்ல."

வெறும் கசெட் அப்போதுதான் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியிருந்தது. நானா அதற்கு முன்பிருந்த தட்டுப்பாட்டை மறக்காத மனிதர். கடையில் ஒரு பதிவை வேலை முடிந்தபின் வைத்திருக்கிற வழக்கம் கிடையாது. அதே டேப்பில் அடுத்த பாட்டை ஏற்றிவிடுவோம். போஸ் பட்டனில் என் விரல் நன்றாகப் பழகிவிட்டது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இரண்டு செக்கனுக்கு மேல் விடமாட்டேன். நான் பதிந்த கசெட்டில் அறுபது நிமிடத்துக்குள் ஒரு பாட்டு அதிகமாக இருக்கும் என்று பேர் எடுத்திருந்தேன்.

2. அண்ணாச்சியின் யோசனை

தங்கராசா அண்ணன் இறக்கக்கண்டிக் கரையில் ஆட்களோடு சேர்ந்து கயிறு பிடித்துக் கரைவலை இழுக்கிறவர். முப்பது வயதிருக்கும். எங்கள் கடையில் றேடியோவும் திருத்துவதால் பழுதான ஒன்றைக் கொண்டுவந்தவர், அது திருத்தப்படும் வரை வாங்கில் உட்கார்ந்து இடுப்பிலிருந்த புல்லாங்குழலை எடுத்து ஊதினார். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுகளின் மெட்டுகள்.

அந்த நேரம் கடையில் நின்றவர் ஒரு கோதுமைக் கப்பலின் சமையல்காரர். தூத்துக்குடி ஆள். கப்பல் துறைமுகத்துக்கு வரும்போதெல்லாம் சினிமாப் பாட்டுக் கசெட் வாங்க எங்களிடம் வருவார். நானா அவரை அண்ணாச்சி என்பார்.

"பாய், இதக் கேசட்டுல போட்டுக் குடுங்க. பினாங்குல நம்ம மச்சான் கடை வச்சிருக்கான். நம்ம கரைகள்லேர்ந்து தோணியில போய் அங்கேயே தங்கிட்டவங்க நெறைய பேரு. அள்ளிக்கிட்டுப் போயிருவாங்க" என்றார் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, பாய் எண்டா இஞ்ச நாங்க விரிச்சுப் படுக்கிறது. நானா எண்டு சொல்லும்."

"சரிங்க பாய்."

அப்படித்தான் முடிவானது. ஐம்பது கசெட். "கரைக் குழல்" என்று பெயர். பத்து மெட்டுகளின் பெயரும், கீழே "குழல்: இறக்கக்கண்டி தங்கராசா" என்றும் அச்சகத்தில் மட்டை அடித்தோம். எங்கள் கடை மற்றவர்களின் பாட்டைப் பிரதி எடுத்த கடை. சொந்தமாக வெளியிட்ட முதல் கசெட் அதுதான். நானா மட்டைகளைக் கட்டோடு வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார்.

வெளிச்சத்தம் வராமல் பின்னறைச் சுவர்களில் படங்கும் போர்வையும் தொங்கவிட்டு, ஒரு நாள் முழுக்கப் பதிந்தோம். மொத்தம் எண்பது நிமிடம் வந்தது. நாங்கள் வாங்கி வைத்திருந்ததோ அறுபது நிமிடக் கசெட். திரும்பக் கேட்டபோது ஒன்றைக் கவனித்தேன். தங்கராசா அண்ணன் ஒரு அடி ஊதிவிட்டு நிற்கிறார். நாலைந்து செக்கன் ஒன்றுமில்லை. பிறகு அடுத்த அடி. மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தேன். இரண்டு டெக்கை இணைத்து, போஸ் பட்டனை அமத்தி அமத்தி, அந்த இடங்களையெல்லாம் எடுத்துவிட்டேன். இரண்டு நாள் வேலை. ஐம்பத்தேழு நிமிடத்துக்கு வந்தது. வெட்டின இடம் காதுக்குத் தெரியாது. அவ்வளவு சுத்தமாக ஒரு வேலையை அதற்கு முன் நான் செய்ததில்லை. யாருக்கும் சொல்லவில்லை. எனக்குள்ளே சந்தோசப்பட்டுக்கொண்டேன்.

அதை மாஸ்டராக வைத்து ஐம்பதையும் பிரதி எடுத்து முடித்தேன். முதலில் பதிந்த டேப்புகளில் வழக்கம்போல வேறு பாட்டு ஏற்றியாயிற்று.

3. "இது நான் ஊதினதில்ல"

கப்பல் வெள்ளிக்கிழமை மத்தியானம் புறப்படுவதாக இருந்தது. புதன்கிழமை தங்கராசா அண்ணன் கேட்டுப் பார்க்க வந்தார். நானா முன்கடைப் பெட்டியில் கசெட்டைப் போட்டார். நான் கதவருகில் நின்றேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

முதல் மெட்டு முடியவில்லை. அவர் கையை உயர்த்தினார்.

"நிப்பாட்டுங்க நானா. இது நான் ஊதினதில்ல."

"பின்ன ஆர் ஊதினது? என்ர வாப்பாவா?"

"குழல் என்ர. ஊத்து என்ர இல்ல. நான் ஒரு அடி ஊதினா இழுக்கிறவங்கள் பதில் சொல்லோணும். பதில் சொல்லேக்கதான் கயிறு வரும். அதுக்கு இடம் விட்டெல்லோ ஊதினனான். இதில இடமே இல்ல. இந்த வேகத்தில இழுத்தா ஆக்கள் விழுந்து எழும்புவாங்கள்."

"தம்பி, கடலுக்கு அங்கால இருக்கிறவன் குழல் கேக்கப் போறானா, வலை இழுக்கப் போறானா? அவனுக்கு இது விளங்காது. அனுப்புவம்."

"அப்ப என்ர பேரையும் ஊர்ப் பேரையும் மட்டையில வெட்டிப்போட்டு அனுப்புங்க" என்றார் தங்கராசா அண்ணன். சத்தம் போடவில்லை. "நாளைக்கு எங்கட ஆக்கள் ஆராவது அங்க கேட்டா, தங்கராசாவுக்கு அம்பா தெரியாது எண்டு சொல்லுவாங்கள்."

நானா மெஷினைத் திரும்பிப் பார்த்தார். "டெக்கில ஏதும் பிழையோ, தங்கச்சி?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். டெக் வாய் திறந்து மறுக்காது. நானா என்னைக் கேட்ட விதத்திலேயே அந்தப் பதில் தயாராக இருந்தது.

"டெக் சரி நானா. நான்தான் வெட்டினனான். மூச்சு வாங்குறார் எண்டு நினைச்சன்."

"முதல் டேப்பைக் கொண்டா, திரும்பச் செய்வம்."

"அதில வேற பாட்டு ஏத்திப்போட்டன்."

இன்றோடு வேலை போயிற்று என்று நினைத்தேன். நானா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"டேப் சும்மா ஓடக் கூடாது எண்டு சொல்லிக்குடுத்தவன் நான்" என்றார். பிறகு தங்கராசா அண்ணனைப் பார்த்து, "நாளைக்குக் காலமை வர ஏலுமா?"

"நாளைக்கு வலை இருக்கு. முதல் இழுவை முடிச்சிட்டு வாறன்."

"உம்மட ஆக்களையும் கூட்டிக்கொண்டு வாருமன். பதிலையும் பதிஞ்சிடுவம்."

"அவங்கள் வந்தா ரெண்டாம் வலை ஆர் இழுக்கிறது, நீங்களா? அந்த இடத்தைச் சும்மா விடுங்க நானா. கேக்கிறவன் இழுக்கட்டும்."

4. பதினாறு

வியாழன் பத்து மணிக்கு அவர் வந்தார். காலில் மணல் காயவில்லை. இந்த முறை அறுபது நிமிடத்துக்குள் ஏழு மெட்டுகள்தான் அடங்கின. அவர் ஊதிவிட்டு நின்ற ஒவ்வொரு இடத்திலும் என் விரல் தானாகப் போஸ் பட்டனுக்குப் போனது. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அப்போதுதான் பார்த்தேன், அவர் நிற்கும்போது மூச்சு வாங்கவில்லை. தலையை மெதுவாகப் பின்னால் சாய்த்துக் காத்திருந்தார்.

ஒரு டெக்கில் ஓடவிட்டு இரண்டு டெக்கில் பதியலாம். மணிக்கு இரண்டு பிரதி. அதற்கு மேல் எந்த அவசரத்துக்கும் டேப் ஓடாது. மத்தியானம் ஒரு மணியிலிருந்து இரவு ஏழுக்குக் கடை பூட்டும் வரை பன்னிரண்டு. வெள்ளி காலை எட்டிலிருந்து பத்து வரை நாலு. மொத்தம் பதினாறு. மட்டையில் பத்து மெட்டு என்று அச்சடித்திருந்தது. அடிமட்டம் வைத்து மூன்று பெயர்களைப் பேனையால் கோடிட்டு அடித்தேன்.

நானாவும் நானும் துறைமுக வாசலுக்கு ஓடினோம். சுங்கத்தில் காட்டும் கடிதத்தில் ஐம்பது என்று இருந்ததைப் பதினாறு என்று திருத்தி நானா கையெழுத்து வைத்தார்.

"என்ன பாய், ஐம்பதுன்னீங்க?" என்றார் அண்ணாச்சி.

"இது நல்ல பதினாறு. கொண்டு போம்."

பழைய ஐம்பதிலும் நான் பிறகு சினிமாப் பாட்டு ஏற்றினேன். ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

5. திரும்பி வந்தவை

நாலு மாதம் கழித்து அண்ணாச்சி வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதில் ஒன்பது கசெட்.

"மச்சான் என்னைய ஏசிப்புட்டான் பாய். பழுதாம். நடு நடுவுல சத்தமே வரலையாம். வாங்குனவங்க திருப்பிக் கொண்டாந்து கடையில வச்சுட்டுப் போயிட்டாங்களாம்."

நானா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அன்று ஏதோ அலுவலாக டவுனுக்கு வந்த தங்கராசா அண்ணன் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"அவங்களுக்கு ஆர் சொன்னது? நாங்க சொல்லேல்ல. வாய் திறந்து சொல்லாம ஆருக்கு விளங்கும்?"

அவர் பொதுவாகத்தான் சொன்னார். எனக்கு அது என்னைப் பற்றிச் சொன்னதாகப் பட்டது. பதியும் முன்னர் "ஏன் அண்ணன் நிக்கிறீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஐம்பதும் முதலிலேயே சரியாகப் போயிருக்கும். கூச்சத்தில் கேட்கவில்லை. என் கெட்டித்தனத்தை நம்பினேன்.

"ஒரு கடுதாசித் துண்டு எழுதி உள்ளுக்கு வைப்பம்" என்று நான் சொன்னேன்.

"நீயே எழுது" என்றார் நானா. "வெட்டினவவுக்குத்தான் இடம் தெரியும்."

ஆறு தரம் எழுதிக் கிழித்தேன். கடைசியில் அச்சுக்குப் போனது இதுதான்:

"இடையிடையே குழல் நிற்கும் இடங்கள் பழுது அல்ல. கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் கயிற்றை இழுத்தபடி பதில் பாடுவார்கள். அந்தப் பதிலுக்கான இடம் உங்களுக்கு விடப்பட்டிருக்கிறது."

அதே ஒன்பது கசெட்டிலும் அந்தத் துண்டை வைத்து, புதிதாக இருபதும் சேர்த்து அனுப்பினோம்.

அடுத்த முறை அண்ணாச்சி வந்தபோது கடைக்குள் நுழையும் முன்பே சிரித்தார். கசெட் ஒன்றும் மிஞ்சவில்லை. இன்னும் நாற்பது கேட்டிருந்தார்கள். அதோடு பினாங்குக் கடைக்காரர் ஒரு கசெட்டைக் கொடுத்து விட்டிருந்தார். "கேசட்டு வாங்குனவங்க பாடுறது சரியான்னு குழல்காரரக் கேட்டு வரச் சொன்னாங்க" என்றார் அண்ணாச்சி.

தங்கராசா அண்ணனுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டோம். கசெட்டைப் போட்டேன். அவருடைய குழல் ஓர் அடி. பிறகு, அவர் விட்ட இடத்தில், பத்துப் பன்னிரண்டு ஆண் குரல்கள் மேசையில் தட்டியபடி. மறுபடி குழல். மறுபடி குரல்கள். சொற்கள் வேறு. உச்சரிப்பு வேறு. நடுவில் யாரோ இருமினார்.

தங்கராசா அண்ணன் கண்ணை மூடிக் கடைசி வரை கேட்டார்.

"சரியா அண்ணன்?" என்று கேட்டேன். அந்தக் காலத்துக்குள் கேட்கப் பழகியிருந்தேன்.

"சொல்லெல்லாம் பிழை, தங்கச்சி" என்றார் அவர். "ஆனா இழுக்கிறாங்கள்."