பரஸ்தானம் வைத்த கூண்டு

ஒரு நாயை விமானத்தில் ஏற்றுவதற்கு முன் என்னவெல்லாம் செய்ய வேண்டுமோ அத்தனையும் நான் செய்திருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லாரும் "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாமே" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் கணவருக்கு டெல்லிக்கு மாற்றல் வந்தது. தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குக் கார், அங்கிருந்து விமானம். நாய் சரக்கு அறையில்தான் வர முடியும் என்றார்கள். கீழ்வேளூரில் வாய்க்கால் மதகோரம் குட்டியாகக் கிடந்ததை நான்தான் தூக்கி வந்தேன், அதனால் பொறுப்பும் எனக்குத்தான். நின்றால் தலை இடிக்காத, சுற்றித் திரும்ப இடமுள்ள கூண்டாகப் பார்த்து வாங்கினேன். அதற்குள்ளேயே சோறு வைத்துப் பழக்கினேன். தடுப்பூசி, கால்நடை மருத்துவரின் சான்றிதழ் எல்லாம் ஆயிற்று. "தூங்குறதுக்கு ஒரு மாத்திரை குடுத்துடலாமே டாக்டர்" என்று என் கணவர் கேட்டதற்கு, மேலே போனால் மூச்சே அடங்கிவிடலாம் என்று டாக்டர் கடிந்துகொண்டார். "கிளம்புற அன்னைக்குக் காலையிலேர்ந்து சோறு வேண்டாம், தண்ணி மட்டும் குடுங்க" என்றார். அதையும் அப்படியே செய்தேன்.

நான் யோசிக்காமல் விட்டது பஞ்சாங்கத்தை.

நாங்கள் கிளம்ப வேண்டிய நேரம் சரியாக ராகு காலத்தில் விழுந்தது. விமானத்தைத் தள்ளிவைக்கவா முடியும்? அதற்கும் ஒரு வழி இருக்கிறது. நல்ல நேரம் பார்த்து ஒரு சாமானை எடுத்துப் போய் வேறொரு வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். பரஸ்தானம் என்பார்கள். ஒரு துணிப்பையை வைத்தால் போதும். என் கணவர் பையை வைக்கவில்லை. "நாய்க்குத்தாம்மா ஆபத்தான பயணம். அதோட கூண்டையே வைப்போம்" என்று முந்தின நாள் சாயங்காலம் காலிக் கூண்டைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனார். நாயின் மேல் இருந்த பிரியத்தில்தான் செய்தார்.

எதிர் வீட்டுக்காரர் நெல் வியாபாரி. குறுவை அறுவடை முடிந்த சமயம், அவர் கொட்டகையில் மூட்டைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. அந்த மூட்டைகளுக்குப் பக்கத்தில் கூண்டு ராத்திரி முழுக்க இருந்திருக்கிறது. உள்ளே என் பழைய நூல் புடவையை விரித்திருந்தேன். வளர்ப்பவர் வாசனை இருந்தால் நாய் பயப்படாதாம்.

மறுநாள் என் கணவர் கூண்டை அங்கிருந்தே நேராகக் காரில் ஏற்றினார். பரஸ்தானம் வைத்ததைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. "ஒரு தடவை உதறிப் பாத்துடுறேங்க" என்றேன். "எடுத்து வச்சதைக் கலைக்கக் கூடாதும்மா" என்றார். கிளம்புகிற நேரத்தில் சண்டை வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

நாய் ஒரே தாவலில் கூண்டுக்குள் போனது. போன வேகத்தில் புடவைக்கு அடியில் மூக்கை நுழைத்தது. "பாரு, உன் வாசனைன்னா அதுக்கு எவ்வளவு ஆசை" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. செங்கிப்பட்டி தாண்டும்போது பின்னாலிருந்து நறுக் நறுக்கென்று சத்தம் கேட்டது. பசியில் கூண்டைக் கடிக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். பிறகு கடிக்கிற சத்தம் நின்று, எதையோ நக்குகிற சத்தம் மட்டும் திருச்சி வரை வந்தது.

விமான நிலையத்தில் நாயை வெளியே எடுத்து, கூண்டைக் காலி செய்து காட்டச் சொன்னார்கள். புடவையை உதறினேன். நீலமாக ஒரு துண்டு தரையில் விழுந்தது.

"ஏதோ சோப்புத் துண்டு" என்றார் என் கணவர்.

நெல் விளையும் ஊரில் வளர்ந்தவளுக்கு அந்த நீலம் தெரியும். எலிக்கு வைக்கும் விஷக் கட்டி. கொட்டகையில் எலி அதை இழுத்து வந்து, மெத்தென்று இருந்த புடவைக்குள் பதுக்கியிருக்கிறது. ஒரு ஓரத்தில் பொடிப் பற்களின் கீறல். மறு ஓரம் பெரிய கடியாகப் பெயர்ந்திருந்தது. நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். பல்லிடுக்கெல்லாம் நீலம். அது என்னைப் பார்த்து வாலை ஆட்டியது.

அவர் எதிர் வீட்டுக்குப் போன் போட்டார். "ஆமாம் தம்பி, எலித் தொல்லை தாங்கலைன்னு மூலைக்கு மூலை மருந்து வச்சிருக்கேன். ஏன், எலி கூண்டைக் கடிச்சிடுச்சா?" என்றார் வியாபாரி.

நான் மருத்துவரைக் கூப்பிட்டேன். "ஏத்தாதீங்க. பக்கத்துல எந்த டாக்டர் இருக்காரோ அங்க உடனே கொண்டு போங்க, வாந்தி எடுக்க வைக்கணும். இன்னைக்குப் பாக்க நல்லாத்தான் இருக்கும், அதை நம்பிடாதீங்க. சில நாள் கழிச்சுத்தான் உள்ளுக்குள்ள ரத்தம் கசியும்."

என் கணவர் மறுநாள் வேலையில் சேர்ந்தாக வேண்டும். தனியாகப் போனார். நான் திருச்சியிலேயே ஒரு மருத்துவமனையில் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது நீல நீலமாகக் கக்கியது.

தஞ்சாவூர் வீட்டுக்கே திரும்பிவிட்டோம். இப்போது ரத்தம் கசியாமலிருக்க அதற்குத் தினமும் மாத்திரை. எழுந்ததும் உதட்டைத் தூக்கி, ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்க்கிறேன். அது மூத்திரம் பெய்த இடத்தில் ரத்தம் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறேன். வாலை ஆட்டும்போதுதான் அதிகம் பயமாக இருக்கிறது. கூண்டைக் காலி செய்யச் சொல்லாமல் விட்டிருந்தால் வானத்தில் ஒன்றும் ஆகியிருக்காது. டெல்லியில் இப்படியே வாலை ஆட்டிக்கொண்டு இறங்கியிருக்கும். பிறகொரு நாள் மூக்கில் ரத்தம் வந்து செத்திருக்கும். விமானக்காரர்கள் என் நாயைக் கொன்றுவிட்டார்கள் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். அதை நம்பியும் இருப்பேன்.

நேற்று அவர் போன் செய்தார். ஈறு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டார். பிறகு, "யோசிச்சுப் பாத்தா, போக வேண்டாம்னு சாமியே காட்டிக் குடுத்திருக்கும்மா. அடுத்த மாசம் ஒரு நல்ல நாள் இருக்கு. இந்தத் தடவை கூண்டை வேற வீட்டுல வைப்போம்" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

கூண்டைப் பலமுறை கழுவி, வேறு புடவை விரித்து, என் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். நாய் அதில்தான் படுக்கிறது. ஒவ்வொரு முறையும் படுப்பதற்கு முன், புடவைக்கு அடியில் மூக்கை நுழைத்துத் தேடுகிறது.