புளி தின்ற ஜிங்க் மேடை

"இந்த அடுப்படியில என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டு என் மனைவி ராசிங்காபுரத்தில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதுமுதல் எனக்குக் கடைச் சாப்பாடுதான். போடியில் எங்கள் வீட்டுச் சமையல் மேடை கடப்பாக்கல். நடுவில் விரிசல், விரிசலுக்குள் எறும்பு. மாற்றித் தரச் சொல்லி வருடக்கணக்காகக் கேட்டாள். நானும் வருடக்கணக்காகத் தலையாட்டினேன். தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

மேடையை மாற்றினால் வந்துவிடுவாள் என்று நம்பினேன். மலைமேல் நான் வேலை பார்க்கும் ஏலக்காய் ஸ்டோரில், காய் தரம் பிரிக்கும் மேசைக்கு ஜிங்க் தகட்டுச் சீட்டு அடித்திருப்பார்கள். ஒரு துணியால் துடைத்தால் போதும். அதையே வீட்டுக்கும் போட்டால் என்ன? தகரப் பட்டறைக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து, கல்லை எடுத்துவிட்டுப் பலகை போட்டு, அதன்மேல் சீட்டை விரித்து ஓரங்களை மடக்கி அடிக்கச் சொன்னேன். பளபளவென்று இருந்தது. அவளுக்குப் போன் போட்டேன். "ஞாயித்துக்கெழம வந்து பாக்குறேன்" என்றாள். ஐந்து மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த நல்ல வார்த்தை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சீட்டில் கைத்தடம் விழுந்திருந்தது. பித்தளைக் குடத்தை எதைப் போட்டு விளக்குவார்கள்? புளி. கரைத்து மேடை முழுக்கப் பூசி, ஊறட்டும் என்று விட்டுக் குளிக்கப் போனேன். வந்து கழுவினால் சாம்பலும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாகக் கிடந்தது. தேய்க்கத் தேய்க்க மோசமானது. பட்டறைக்காரருக்குப் போன் செய்தேன்.

"புளியாண்ணே போட்டீக? அது ஜிங்கைத் தின்னுருமே. இனி பழைய மினுக்கம் வராது."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. என்மேல் எனக்கே வந்த ஆத்திரத்தில் தேய்த்த நாரைச் சுவரில் எறிந்தேன்.

பதினோரு மணி பஸ்சில், துணிப்பைகூட இல்லாமல் வெறுங்கையோடு வந்தாள். நான் முந்திக்கொண்டு நடந்ததைச் சொல்லி, "வேற சீட்டு மாத்திருவோம்" என்றேன். அவள் மேடையைப் பார்க்கவே இல்லை. அலமாரிக்குக் கீழே திறந்து கிடந்த டப்பாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் எதுக்குத் தொறந்தீக?"

"புளி எதுல இருக்குன்னு தெரியல."

"பதினெட்டு வருசமா இதுக்குள்ள நிக்கிறேன். காய்ச்சலோட ஒல வச்சப்பக்கூட, சோறாச்சான்னு வெளிய இருந்துதான் கேட்டீக. நான் மேடைக்காகவா போனேன்?"

அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்தாவது நிறுத்தியிருப்பேன். அவளோ தரையில் உட்கார்ந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக மூடி அடுக்கினாள். ஒரு நிமிடம் நான் சந்தோஷப்பட்டுக்கூட விட்டேன்.

பிறகு, "இனி நீங்களாத்தான எடுக்கணும்" என்று என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். எதில் கடுகு, எதில் சீரகம், எதில் துவரம்பருப்பு என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள்.