காய்ச்சலுக்கு முன்னால் பிள்ளை

குளத்தூர் ஆஸ்பத்திரியில் ஒருவர் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். புதுக்கோட்டை பஸ்ஸின் கண்டக்டர் வாசலில் வந்து நின்றார். நான் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, "பார்சி டீச்சர் காலையிலே தவறிட்டாங்க சிஸ்டர்" என்றார். வரிசையில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களையும் கவனித்துவிட்டுத்தான் கிளம்பினேன். பாதியில் விட்டு வந்திருந்தால் டீச்சரே கோபித்துக்கொண்டிருப்பார்.

உங்களில் பலருக்கு அழகம்மாள் என்ற அவர் பெயரே இந்தச் செய்தியோடுதான் தெரிந்திருக்கும். குன்றாண்டார்கோவில் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கணவருக்கு ஐதராபாத்தில் ரயில்வே வேலை. அங்கே பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவரிடம் பாரசீகம் படித்தார். கணவர் இறந்த பிறகு, புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம், ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பாரசீகப் புத்தகங்களுடன் திரும்பி வந்து பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தார். பாரசீகத்துக்குப் பார்சி என்றும் பெயர்; பெட்டியைப் பார்த்து ஊர் வைத்த பெயர்தான் பார்சி டீச்சர்.

சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரி பெஞ்சில் வந்து உட்காருவார். மருந்துக்கு அல்ல, பேச்சுக்கு. நோயாளிகள் தங்கள் உபாதையை எந்த வார்த்தையில் சொல்கிறார்கள் என்று கேட்பார். ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பாருங்க சிஸ்டர், சளி பிடிக்குது, காய்ச்சல் அடிக்குது, தலையை இடிக்குது. நம்ம பேச்சிலே எல்லா வேலையையும் நோவுதான் செய்யுது. மனுஷன் சும்மா நிக்கிறான். பாரசீகத்திலே சளி பிடிச்சவன், 'நான் குளிரைத் தின்னுட்டேன்'ம்பான்." அந்த பெஞ்சில்தான் அவருடைய ஆராய்ச்சி தொடங்கியது.

அது வெறும் ஏட்டுப் படிப்பு இல்லை என்று நார்த்தாமலைப் பக்கம் ஒரு சிற்றூரில் கண்டேன். பெரியம்மை பரவிய நேரம். நாங்கள் போய் இறங்கியதும் தண்டோரா போடச் சொன்னோம்: "பெரியம்மையை ஒழிக்க எல்லாரும் அம்மை குத்திக்கொள்ள வரவும்." கதவுகள் சாத்திக்கொண்டன. வெள்ளையம்மா என்ற பெண் மட்டும் தெருவுக்கு வந்தாள். மூத்த பிள்ளை உள்ளே முத்துப் போட்டுப் படுத்திருந்தது. சின்னது இரண்டும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றன. "ஆத்தா வந்து எறங்கியிருக்கிற வீட்டு வாசல்லே வந்து ஒழிக்கிறேன், குத்துறேன்னு கத்துறீங்களே, அங்கிட்டுப் போங்க!" என்றாள்.

போலீசைக் கூப்பிடலாம் என்றார் எங்களோடு வந்த அதிகாரி. விடுமுறையில் துணைக்கு வந்திருந்த டீச்சர் தடுத்தார். "இந்த ஊர்லே அம்மா வருவா, வெளையாடுவா, எறங்குவா. அவளை யாரும் ஒழிக்க மாட்டாங்க. அம்மை குத்துறதுக்கு அம்மைப்பால் வைக்கிறதுன்னு ஒரு பழைய பேச்சு இருக்குல்ல, அதைச் சொல்லுங்க."

"ஜனங்களை ஏமாத்தச் சொல்றீங்களா?" என்றார் அதிகாரி.

"பொய் ஒண்ணும் வேண்டாங்க. வினைச்சொல்லை மட்டும் மாத்துங்க."

தண்டோரா மறுபடி தெருவைச் சுற்றியது: "அம்மா வராத பிள்ளைகளுக்கு அம்மைப்பால் வைக்கிறோம், கூட்டிக்கிட்டு வாங்க." டீச்சர் வெள்ளையம்மாவின் வீட்டுப் படியில் உட்கார்ந்து, மூத்த பிள்ளைக்கு என்ன கொடுக்கிறாய், தூங்குகிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து வெள்ளையம்மா, "பெரியவளை யாரும் தொடக்கூடாது. சின்னதுக ரெண்டுக்கும் வையுங்க" என்றாள். அவள் வந்ததைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். எல்லாரும் வரவில்லை. வந்த வீட்டுப் பிள்ளைகள் பிழைத்துக்கொண்டார்கள். வெள்ளையம்மாவின் மூத்தவளும் தழும்போடு எழுந்து நடந்தாள்.

பிறகு ஆராய்ச்சிப் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்குச் சென்னைக்குப் போனபோது என்னையும் அழைத்துப் போனார். பெரிய பெரிய அறிஞர்கள் நடுவே வெள்ளைப் புடவையில் எழுந்து நின்றார். ஒருவர், "ஆஸ்பத்திரியில் கேட்ட பேச்சைப் பாரசீக வாக்கியத்தோடு ஒப்பிடுவதா?" என்று கேலி செய்தார். டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "நாம் 'காய்ச்சல் வந்த பிள்ளை' என்கிறோம். காய்ச்சல் முன்னால் நிற்கிறது. பாரசீகத்தில் பிள்ளையை முதலில் சொல்லிவிட்டு, காய்ச்சலைப் பின்னால் ஒரு தனி வாக்கியமாகச் சேர்ப்பார்கள். எது உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. யார் முன்னால் நிற்கிறார்கள் என்று சொல்ல வந்தேன்." கேலி செய்தவரே இன்னொரு உதாரணம் கேட்டார். என் ஆஸ்பத்திரி பெஞ்சில் பிறந்த வாக்கியங்களுக்கு அன்று பட்டம் கிடைத்தது. ரயிலில் திரும்பும்போது எனக்குத் தூக்கமே வரவில்லை, அத்தனை பெருமை.

கடைசியில் புற்றுநோய் அவரைப் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது. பார்க்கப் போனேன். யாரோ வாசலிலிருந்து, "அந்தக் கேன்சர் கேஸுக்குக் கஞ்சி குடுத்தாச்சா?" என்று கேட்டார்கள். டீச்சர் கண்ணைத் திறந்தார். "கேட்டீங்களா சிஸ்டர், அழகம்மாளை இறக்கி விட்டுட்டாங்க. கேஸு மட்டும் உக்காந்திருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் எழுந்து வெளியே போய், "அவங்க பேரு அழகம்மாள். கஞ்சி இன்னும் வரலே" என்றேன். கஞ்சி வந்தபோது பெயர் சொல்லித்தான் கொடுத்தார்கள்.

அவருடைய புத்தகங்கள் யாரிடம் போகுமோ தெரியாது. பாரசீகம் எனக்கு ஓர் எழுத்துக்கூட வராது. நான் வைத்துக்கொண்டது ஒரே ஒரு பழக்கம். இன்று காலை வார்டில் டாக்டர், "அந்த டைபாய்டு எப்படி இருக்கு?" என்று கேட்டார். "மாணிக்கம் ராத்திரி நல்லாத் தூங்கினாருங்க. காய்ச்சல் குறைஞ்சிருக்கு" என்றேன். டாக்டர் படுக்கைப் பக்கம் திரும்பி, "என்ன மாணிக்கம்?" என்றார்.