எக்ஸ்ரே அறைக்கு வெளியே

அறுபதுகளில், கோடைக்கால ஆராய்ச்சிக்கு இங்கிலாந்து போக எனக்கு உதவித்தொகை கிடைத்தது. காசநோய் இல்லையென்று எக்ஸ்ரே எடுத்துக் காட்டினால்தான் அனுமதி. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கத்துக் கிளினிக்கில் என் அருகே உட்கார்ந்திருந்தவரும் நான் போகவிருந்த பல்கலைக்கழகத்துக்கே போகவிருந்த வேதியியல் ஆராய்ச்சி மாணவி. ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. இருமல் வந்தால் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு எக்ஸ்ரே அறைக் கதவையே பார்ப்பார்.

“உள்ள கேட்டிருக்குமா?” என்றார்.

“கேட்டிருக்காது. சாதாரண சளிதான் லா.”

“வீட்டுலயும் ரெண்டு மாசமா அப்படித்தான் சொல்லிட்டிருக்கேன்.”



என் படத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். அவரை மட்டும் இன்னொரு படம் எடுக்கவேண்டுமென்று இருக்கச் சொன்னார்கள். நான் தயங்கி நின்றேன்.

“நீங்க கிளம்புங்க. அங்க என் லேப்ல, லேட்டா வருவேன்னு சொல்லுங்க. வரமாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க” என்றார்.

அப்படியே போய்ச் சொன்னேன். அவர்களும் நம்பி, ஜன்னலோரம் ஒரு மேசையை அவருக்காக ஒதுக்கி வைத்தார்கள். நாள்தோறும் அந்த வழியாகப் போகும்போது எட்டிப் பார்ப்பேன். அவர் வரவேயில்லை. சிங்கப்பூர் திரும்பி விசாரித்தேன்; யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அவர் குணமாகியிருப்பார் என்றுதான் இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.