ஒரு சகோதரரின் நீண்டநாள் தேவை

எங்கள் சபையில் விண்ணப்பப் பெட்டி என்று ஒன்று உண்டு. பிஸ்கட் வந்த தகரப் பெட்டிதான். மூடியில் நீளமாக ஒரு துளை போட்டு வாசலில் வைத்திருக்கிறோம். ஜெபம் வேண்டுமென்றால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் போட்டுவிட்டுப் போகலாம். பெயர் எழுதக் கூடாது என்பது ஆரம்பத்திலிருந்தே உள்ள வழக்கம். ஞாயிறு ஆராதனையில் போதகர் அவற்றை வாசித்து ஜெபிப்பார் என்றுதான் சபையார் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

உண்மையில் போதகர் துண்டுகளைக் கண்ணால் கண்டதே இல்லை. நான் எழுதிக் கொடுக்கும் தாளைத்தான் வாசிப்பார். பதினோரு வருடமாகச் சபைச் செயலாளர் நான். சனிக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் துண்டுகளைக் கொட்டி, தரம் பிரித்து, நல்ல தமிழில் ஒரு பக்கத்துக்குள் அடக்குவேன். சுகவீனம், பரீட்சை, பிள்ளைப்பேறு, வேலை, பயணம். இவற்றுக்குள் அடங்காதது வந்தால் அடக்கிவிடுவேன். மருமகள் முகம் கொடுத்துப் பேசுகிறாள் இல்லை என்று ஒரு மாமியார் எழுதினால், அது என் கையில் 'குடும்ப சமாதானத்துக்காக' என்று ஆகிவிடும். விசா என்றும் அரசாங்கம் என்றும் யாராவது எழுதினால், 'ஒரு சகோதரரின் நீண்டநாள் தேவைக்காக'. ஆண்டவருக்கு விஷயம் தெரியும், ஆட்களுக்குத் தெரியத் தேவையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சபைக்குள் அரசியல் வரக்கூடாது என்பது என் கட்சி. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தச் சகோதரர் யார் என்று எனக்குத் தெரியும். குசினிச் சுவரில் தேநீர் முறைப் பட்டியலை எழுதி ஒட்டுகிறவர் அவர்தான்; அதே கையெழுத்து. கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் படகில் இந்த நாட்டுக்கு வந்தவர். வரும்போது மன்னாரில் விட்டுவிட்டு வந்த மகளுக்கு இரண்டு வயது. அகதிக் கேஸ் ஒருமுறை மறுக்கப்பட்டு, பிறகு பிரிட்ஜிங் விசா என்கிற தற்காலிக அனுமதி, அது முடிய இன்னொரு பிரிட்ஜிங் விசா. போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. குடும்பத்தைக் கூப்பிடவும் முடியாது. கார் இல்லாதவர் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் பிளாக்டவுன் ஸ்டேஷனில் நான்தான் ஏற்றிக்கொள்வேன். வழியில் கிரிக்கெட் பேசுவோம். அவர் எழுதும் துண்டைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

இப்படி இருக்கையில் எங்கள் போதகர் வெள்ளிக்கிழமைகளில் ஆளே அகப்படாமல் போனார். என்னைவிட இருபது வயது இளையவர். நல்லூர்க்காரர், நன்றாகப் பாடுவார், பிரசங்கத்தை இருபது நிமிடத்துக்குள் முடிப்பார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு நாள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் படம் ஒன்று வந்தது. எம்பி ஒருவரின் அலுவலக வாசலில் மடக்குக் கதிரையில் எங்கள் போதகர். பக்கத்தில் இரண்டு வெள்ளைக்காரப் பாதிரிமார். மூவருக்கும் பாதிரிமாரின் வெள்ளைக் கழுத்துப்பட்டை. விசா முடிவு இல்லாமல் தொங்கிக்கொண்டிருக்கிறவர்களுக்கு நிரந்தர வதிவிடம் கொடு என்று மடியில் ஒரு அட்டை. ஒரு போலீஸ்காரர் குனிந்து ஏதோ சொல்ல, எங்கள் ஆள் மிகவும் மரியாதையாகத் தலையை ஆட்டிக்கொண்டு எழும்பாமல் இருக்கிறார்.

அன்று பின்னேரம் முழுக்க என் போன் ஓயவில்லை. முதலில் எங்கள் கமிட்டித் தலைவர். மலேசியாவிலிருந்து படிக்க வந்து, நார்த்மீட்டில் வீடு வாங்கி, பல் வைத்தியராக ஓய்வு பெற்றவர்.

"பாத்தீங்களா? நாம வந்தது சாமி கும்பிட. கவர்ன்மென்ட்டோட சண்டை போட இல்ல லா. நாளைக்கு இந்தக் கட்டடத்த நமக்குக் குடுத்திருக்கிற வெள்ளக்காரங்க என்ன நினைப்பாங்க?"

நான் ஆமோதித்தேன். அடுத்த புதன்கிழமை கமிட்டி கூடியது. போதகர் அரசியல் போராட்டங்களில் ஈடுபடுவதைச் சபை விரும்பவில்லை, தொடர்ந்தால் அவர் வேறு சபை பார்த்துக்கொள்வது நல்லது என்று ஒரு கடிதம். ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் செயலாளர் சபையின் முன் வாசிக்க வேண்டும். எழுதும் வேலையும் எனக்குத்தான். அழகாக எழுதினேன், அது எனக்கு வரும்.

எழுதி முடித்த பிறகுதான் மனம் ஓரிடத்தில் நிற்க மறுத்தது. ஊரில் கடைசிச் சண்டை நடந்த மாதங்களில் இதே சபை ஞாயிறு ஆராதனையை நிறுத்திவிட்டு ரயிலேறி நகரத்துக்குப் போய், போரை நிறுத்து என்று அட்டை பிடித்தது. நானும் பிடித்தேன், தொண்டை கட்டும் வரை கத்தினேன். அப்போதிருந்த போதகர் வரவில்லை. வாய் திறக்காத ஆள், இவரெல்லாம் ஒரு மேய்ப்பரா என்று அவரைப் பேசாத பேச்சில்லை. அன்று அதை யாரும் அரசியல் என்று சொல்லவில்லை. இரண்டு பக்கத்துக்கும் வேதத்தில் வசனம் கிடைக்கும் என்பதும் எனக்குத் தெரியும். தேடிப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் போதகர் மீது எனக்கிருந்த கோபத்துக்கு வேறு வேர் இருந்தது. யாழ்ப்பாணத்தில் எனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது, எங்கள் ஊர்ப் போதகர் பிரசங்க மேடையில் நின்று, ஆமி பிடித்துக்கொண்டு போன பொடியன்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். சபை விம்மியது. அந்தப் பெயர்களை வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிக் கொடுத்தவர் என் அண்ணன். வாலிபர் சங்கச் செயலாளர். வாசித்தவரை யாரும் தொடவில்லை. நாலாம் நாள் ஆமிக்காரர் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். அண்ணன் ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு அவரால் வலது கையில் பேனா பிடிக்க முடியவில்லை. போதகர் கொழும்புக்கு மாற்றலாகிப் போனார். போகும்போது வீட்டுக்கு வந்து அம்மாவுக்காக உருக்கமாக ஜெபித்தார். அந்த ஜெபத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கடிதம் வாசிக்க வேண்டியிருந்த நாளுக்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்து குசினியில் போதகர் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். நான் துவாயால் துடைத்து அடுக்கினேன். வேறு யாரும் இல்லை.

"படம் பாத்தனான்," என்றேன்.

"எல்லாரும் பாத்திட்டினம் போல."

"நீங்கள் அங்க போய் இருந்தாப்போல ஒருத்தருக்கு விசா கிடைக்குமே?"

"தெரியேல்லை அண்ணை. கிடைக்காமலும் போகலாம்."

"பிறகு என்னத்துக்கு?"

"சும்மா இருக்க ஏலாமக் கிடக்கு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பாஸ்டர், நீங்கள் பேசிப்போட்டுப் போயிடுவியள். அடி விழுறது வேற ஆக்களுக்கு. உங்களிட்டப் பாஸ்போட் இருக்கு."

"ஓம். இருக்கிறபடியாத்தான் நான் போறன். இல்லாதவையில ஒருத்தரையும் வரச்சொல்லி நான் கேட்கேல்லை." இன்னொரு கோப்பையை அலசி என் பக்கம் வைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்; படவில்லை. "அண்ணை, எங்கட சபைக்க அப்பிடி ஆரும் இருக்கினமோ? இருந்தா வீட்டை போய்க் கதைக்கலாம், லோயரிட்டக் கூட்டிக்கொண்டு போகலாம். ஒருத்தரும் வாய் திறக்கினமில்லை. ஜெபத் தாளிலையும் அப்பிடி ஒண்டும் வாறேல்லை."

துடைத்த கோப்பையையே திரும்பத் துடைத்தேன்.

"வாறேல்லைத்தான்," என்றேன்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் என்று என்னை நினைத்திருந்தேன். அந்த வாரம் முழுவதும் வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன். மனைவி, "கடிதத்தை வாசிச்சுத் துலைச்சிட்டு மனுசராயிருங்கோ," என்றாள். ஜெபத் தாளை எழுத உட்கார்ந்தபோது அவருடைய துண்டு மேலாகக் கிடந்தது. வழக்கமான வசனத்தை எழுதினேன். கை தானாகவே எழுதியது.

அந்த ஞாயிறு ஸ்டேஷனில் அவரை ஏற்றிக்கொண்டபோது காரின் பின் சீட்டில் என் கோப்பு இருந்தது. அதற்குள் ஜெபத் தாள், கடிதம், துண்டுகள் போட்ட உறை. ஆராதனை முடியும் வரை துண்டுகளைக் கிழிக்க மாட்டேன். தங்களுடையது விடுபட்டுவிட்டது என்று யாராவது சண்டைக்கு வந்தால் காட்ட வேண்டும். அவர் கிரிக்கெட் பேசவில்லை.

"அண்ணை, ஒண்டு கேட்டாக் குறை நினைக்க மாட்டியளே?"

"கேளும்."

"கிழமைக்குக் கிழமை வாசிக்கிறவையெல்லே, ஒரு சகோதரரின்ர நீண்டநாள் தேவை எண்டு. அவருக்கு இன்னும் ஒண்டும் சரிவரேல்லையோ?"

சிக்னலில் நின்றிருந்தோம். நான் நேரே பார்த்தபடி, "ஏன் கேட்கிறீர்?" என்றேன்.

"நாலஞ்சு வருசமா வாசிக்கினம். என்ன வருத்தமோ தெரியாது. என்ர துண்டை வாசிக்கிறேல்லை. அது விசாக் கதை, வாசிக்க ஏலாது எண்டு எனக்கு விளங்குது, அதில மனவருத்தம் ஒண்டும் இல்லை. ஆனா அந்தாளுக்காக நான் வேலைக்குப் போக முதல் ஒவ்வொரு நாளும் ஜெபிக்கிறனான். மகளிட்டையும் சொல்லியிருக்கிறன். போனில அவளும் சேர்ந்து ஜெபிக்கிறவள். என்னை விடக் கஷ்டப்படுறார் போல."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் காரை எடுத்தேன். அது நீர்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. மீதி வழி முழுவதும், மன்னாரில் ஒரு பதினாலு வயதுப் பிள்ளை போனைக் காதில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒரு சகோதரருக்காகக் கண்ணை மூடுவதுதான் மனதில் வந்தது. தன் அப்பாவுக்காகத்தான் ஜெபிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. அரசியலை வெளியே நிறுத்தியதாக நினைத்தேன். நிறுத்தியது அந்த மனுசனை. ஆமிக்குப் பயந்து பழகிய பயத்தை இந்த ஊருக்கும் கொண்டுவந்து, அதற்குச் சபை ஒழுங்கு என்று பெயர் வைத்திருந்தேன்.

ஆராதனை தொடங்குமுன் போதகர் வழக்கம்போல் கையை நீட்டினார். நான் உறையைக் கொடுத்தேன்.

"தாள் எங்க அண்ணை?"

"இண்டைக்கு இதுதான்."

ஒருமுறை என்னைப் பார்த்தார். உறையை வாங்கிக்கொண்டார். ஜெப நேரத்தில் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எழுதியபடியே வாசித்தார். மருமகள் முகம் கொடுத்துப் பேச வேண்டும் என்பது வந்தபோது பின் வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அந்த மாமியார் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவதாக அந்தத் துண்டு வந்தது.

"பன்னிரண்டு வருடமாக மகளைத் தொடவில்லை. அரசாங்கம் என் விசாக் கோப்பைத் திரும்ப எடுத்துப் பார்க்க மனம் இரங்க வேண்டும். அவள் என்னை மறக்கக் கூடாது."

போதகர் நிறுத்தினார். மனதுக்குள் இன்னொருமுறை வாசித்தார் என்று நினைக்கிறேன். பிறகு தலையை நிமிர்த்தி, சபையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். குசினியில் நான் சொன்னது இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவர் கண்ணை மூடி, குரல் உயராமல் ஜெபித்தார். ஆமென் வர வழக்கத்தைவிட நேரமெடுத்தது. வந்தபோது எல்லோரிடமிருந்தும் வந்தது.

அறிவிப்பு நேரத்தில் எழுந்து போய், அடுத்த வாரத் தேநீர் முறையையும் ஞாயிறு பள்ளி நேரமாற்றத்தையும் வாசித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பல் வைத்தியர் தலையை நீட்டி, "லெட்டர்?" என்றார்.

"வாசிக்கேல்லை."

"மறந்துட்டீங்களா?"

"இல்லை."

அவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கமிட்டி மறுபடி கூட வேண்டியிருக்கிறது. போதகர்மார் அலுவலக வாசலில் உட்காருவது சரியா என்று இன்று யாராவது கேட்டாலும் என்னிடம் முழுப் பதில் கிடையாது. அண்ணனின் வலது கை ஞாபகம் வந்தால் வேண்டாம் என்கிறேன். அந்தத் துண்டு ஞாபகம் வந்தால் இத்தனை காலம் எங்கே போயிருந்தார்கள் என்கிறேன். இரண்டுக்கும் நடுவில் நின்று கால் வலிக்கிறது. அந்தக் கடிதம் இன்னும் கோப்புக்குள் இருக்கிறது.

அன்று எல்லோரும் தேநீர் குடித்துக் கலைந்த பிறகு, கதிரைகளை மடித்து அடுக்கினோம். போதகர் வாசலில் ஆட்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தார். அவர், என் ஜெபத் தாளின் சகோதரர், ஒரு கதிரையைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"அண்ணை, இண்டைக்கு என்ர துண்டை வாசிச்சவை."

"ஓம்."

"மகளுக்குச் சொல்ல வேணும்." கதிரையை அடுக்கில் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா அந்தச் சகோதரரை விட்டிட்டினம் அண்ணை. பாவம், இருந்து கேட்டுக்கொண்டிருந்திருப்பார். அடுத்த கிழமை மறக்காம அவரையும் சேருங்கோ."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"சேர்க்கிறன்," என்றேன்.