பறயாம்

கேரள எல்லையை ஒட்டிய பனச்சமூடு பஸ் நிறுத்தத்தில் ஒரு தாய் தன் பிள்ளையிடம், "டீச்சர் என்ன பறஞ்சாவ மக்கா?" என்று கேட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன்.

எல்லைப் போராட்டம் நடந்த வருஷம் எனக்குப் பதினாறு வயது. தமிழ் ஆசிரியைப் பயிற்சிக்கு நாகர்கோவிலில் நேர்முகத் தேர்வு. ஒரு மாதம் மலையாளம் கலந்த என் பேச்சையே மாற்றினேன். கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டே உரக்கத் தமிழ் பேசிப் பழகினேன். சர்ச்சில் முதல்முறையாக எழுந்து நின்று வேதபாடம் வாசித்தேன். "இவ நாக்குல நல்ல தமிழாக்கும்" என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார்.

எங்கள் ஊரையும் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போன அப்பாவைத் தேர்வுக்கு முந்தின நாள் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. நான் தனியாகப் போனேன்.

"ஏன் தமிழ் டீச்சராகணும்?" என்று கேட்டார்கள். 'சொல்கிறேன்' என்பதற்குப் பதில் பதற்றத்தில் "பறயாம் சார்" என்று வாயில் வந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள்.

"மலையாளத்துப் பிள்ளைக்கு இங்கே என்னம்மா வேலை?" என்றார் ஒருவர். அதோடு அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் அப்பா வந்தார். லத்தியடியில் வலக்கை வீங்கியிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆசையாகக் கேட்டார்.

"அங்க என்ன பறஞ்சாவ மக்கா?"

"இடம் கிடைத்துவிடும் என்று சொன்னார்கள், அப்பா" என்றேன், ஒரு மாதம் பழகிய தமிழில்.