டீச்சர் ஊர் எந்தப் பக்கம்

ஒரகடம் கூட்டுரோட்டு டீக்கடையில் ஒரு வதந்தி பதினைந்து வருஷமாகச் சாகாமல் இருக்கிறது. குப்பத்து ஸ்கூல் டீச்சருக்கு வடக்கு தெற்கு தெரியாதாம். அவரிடம் படித்த முப்பது பிள்ளைகளும் தண்டலத்துக்கென்று கிளம்பினால் இன்றைக்கும் வாலாஜாபாத்தில் போய்த்தான் நிற்பார்களாம். அவர்களில் ஒருவன் லாரி டிரைவராகி, பெங்களூருக்கு ஏற்றிய சரக்கைத் திண்டிவனத்தில் இறக்கிவிட்டு, "பெங்களூரில் வெயில் தாங்கவில்லை" என்று முதலாளிக்குத் தந்தி அடித்தானாம்.

விசாரித்துப் பார்த்ததில் முதலில் அடிபட்டது லாரி. அந்தக் குப்பத்தில் லாரி ஓட்டுகிறவன் தாண்டவராயன் ஒருவன்தான். ஏரிக்கும் கூட்டுரோட்டுக்கும் நடுவே மணல் அடிப்பது அவன் வேலை. அந்தப் பாதையில் வழி தவற வேண்டும் என்று விரதம் இருந்தாலும் முடியாது. அடுத்து அடிபட்டது முப்பது. அப்போதைய பதிவேட்டில் இருப்பது இருபத்தெட்டுப் பேர். ஆனால் டீச்சர் சமாசாரம் மட்டும் பாதி அடிபட்டு, மீதி அடிபடாமல் நின்றது.

குப்பத்தின் பெயர் வேண்டாம். வடக்குப்பட்டிலிருந்து ஏரிக்கரையோடு நடந்தால் வந்துவிடும். ஓர் இன்ஸ்பெக்டரின் பேனாவால் அது பட்ட அவமானமே போதும்.

ஜெபமணி டீச்சர் அங்கே வந்து சேர்ந்தது அறுபத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில். சாத்தான்குளத்துப் பக்கம் ஒரு தேரிக்காட்டு ஊர் அவருடையது. சிவப்பு மணல், பனைமரம், தனியாக ஓர் அம்மா. செங்கல்பட்டு வரைக்கும் ரயில், அப்புறம் பஸ். மழையும் இருட்டும் சேர்ந்துகொண்டன. டீச்சர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். கண்டக்டர் தட்டி எழுப்பி இறக்கிவிட்டபோது பஸ் எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை. யாரோ ஒருவர் டிரங்குப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடக்க, டீச்சர் பின்னால் நடந்தார்.

காலையில் எழுந்து கதவைத் திறந்தால் சூரியன் மேற்கே உதித்துக்கொண்டிருந்தது.

இதைச் சிரிக்காமல் கேட்க வேண்டும். ராத்திரியில் புது ஊர் போய் இறங்கியவர்களுக்கு இது நடப்பதுண்டு. திக்கு மாறிப்போய்விடும். நாலு நாளில், மிஞ்சினால் ஒரு மாதத்தில், உள்ளுக்குள் ஏதோ ஒன்று மெல்லத் திரும்பிச் சரியாகிவிடும். ஜெபமணி டீச்சருக்கு மட்டும் அது திரும்பவில்லை. சூரியன் உதிப்பது கிழக்கில்தான் என்று அவருக்குத் தெரியாதா? ஆசிரியப் பயிற்சியில் முதல் வகுப்பில் தேறியவர். தலைக்குத் தெரிந்தது, உடம்பு ஒப்புக்கொள்ளவில்லை. உடம்பைப் பொறுத்தவரை ஸ்ரீபெரும்புதூர் ரோடு போகிற வடக்குதான் தெற்கு. அந்தப் பக்கம்தான் திருநெல்வேலி, தேரிக்காடு, அம்மா எல்லாம்.

அதனால் டீச்சர் நாளை இரண்டாகப் பங்கு போட்டுக்கொண்டார். பகலில் சர்க்கார் திக்கு. சாயங்காலத்தில் சொந்தத் திக்கு.

பகலுக்குத் துணை, ஒன்றிய ஆபீஸிலிருந்து வந்த அறிவியல் பெட்டியில் கிடந்த திசைகாட்டி. நாலணா அகலம்கூட இருக்காது. அதைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வார். ஒரே அறை, ஐந்து வகுப்பு, ஒரே டீச்சர். மாவட்ட வரைபடத்தைச் சுவரில் மாட்ட ஆணி இருந்தது. ஆனால் அந்தச் சுவர் தெற்குச் சுவர். அதில் மாட்டினால் படத்தின் கடல் நிஜத்தில் மேற்கே போய்விடும். சாதாரண ஆசிரியர் இதைக் கண்டுகொள்ளவே மாட்டார். திக்கு மாறியவருக்குத்தான் திக்கில் அத்தனை ஜாக்கிரதை. ஆகவே படத்தைக் கழற்றித் தரையில் விரித்தார். முள் காட்டிய பக்கத்துக்குப் படத்தின் வடக்கைத் திருப்பினார். பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்தார்.

"இங்கன கடல் இருக்கு பாத்தியா, நீலமா? அந்தக் கடல் நெசமாவே இந்தப் பக்கந்தான் கெடக்கு. எந்திரிச்சு நட. நடந்துகிட்டே இருந்தா கால் நனையும்."

பின்னாளில் மணல் லாரி ஓட்டப்போகும் தாண்டவராயன் எழுந்தே விட்டான். வாசல் வரை போனவனை இழுத்து உட்கார வைக்க வேண்டியதாயிற்று.

அப்புறம் சாக்பீஸால் தரை முழுக்கக் குப்பத்தை வரைந்தார். ஏரி, கிணறு, அம்மன் கோயில், டீச்சர் குடியிருந்த லூர்தம்மாள் வீடு. ஒவ்வொருவரும் போய் அவரவர் வீட்டில் நிற்க வேண்டும். "எங்க வூடு இத்தினியூண்டா கீது!" என்று தாண்டவராயன் சண்டை பிடித்து, சாக்பீஸைப் பிடுங்கி, கோயிலைவிடப் பெரிதாக ஒரு வீடு போட்டுக்கொண்டான். அந்த வரைபடத்தில் இன்னொரு குறையும் இருந்தது. கோயில் வரைக்கும் வருவதற்குள் தரை தீர்ந்துவிட்டது. அதைத் தாண்டியிருந்த காலனிக்கு இடமில்லை. காலனியிலிருந்து வந்த ராஜம்மா வாசற்படி தாண்டி வெளியே போய் நின்றாள்.

"நான் சரியாத்தான் நிக்கிறேனா டீச்சர்?"

"சரியாத்தான் நிக்கிறே."

ஊரே அப்படித்தான் வரைந்து வைத்திருந்தது. நடுவே ஒரு சுவர் வந்தது மட்டும்தான் டீச்சருடைய பங்கு.

இந்த லட்சணத்தில் மூன்று மாதத்தில் குப்பத்துப் பிள்ளைகள் திசையில் புலியாகிவிட்டார்கள். "கொஞ்சம் வடகிழக்கா தள்ளி குந்துடா" என்று ஒருவனை ஒருவன் அதட்டினார்கள்.

சாயங்காலம் வேறு கதை. பள்ளி விட்டதும் டீச்சர் ஏரிக்கரை மேட்டில் போய்த் தன் ஊரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். அதாவது ஸ்ரீபெரும்புதூர் ரோட்டைப் பார்த்து. திசைகாட்டி வீட்டில் பெட்டிக்குள் இருக்கும். அம்மாவின் கடிதம் வந்திருந்தால் கையில் அது இருக்கும். பைபிளையும் அந்தப் பக்கம் திரும்பித்தான் வாசிப்பார். அது தப்பான திசை என்று தெரியும். ஆனால் சரியான திசையில் உட்கார்ந்தால் யாரோ முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. என்ன செய்வது?

வீட்டுக்காரி லூர்தம்மாள் விறகுக் கட்டோடு அந்த வழி வரும்போதெல்லாம் நின்று விசாரிப்பாள்.

"இன்னா டீச்சரம்மா, தெனம் வடக்கால பாத்துகினு குந்திக்கினு கீறே? மாப்ள யாருனா சைக்கிள்ல வர்றேன்னு சொல்லிக்கிறானா?"

"சும்மா இரிங்கக்கா. காத்து வருது, இருக்கேன்."

"காத்து தெக்கால இருந்து வருதும்மா."

டீச்சர் பைபிளில் பக்கத்தைப் புரட்டுவார்.

"ஞாயித்துக்கெழமைனா எங்க மாதா கோயிலுக்கு வாயேன். உங்க ஏசு வேற, எங்க ஏசு வேறயா? எங்க கோயில்ல நாலு பொம்பளைங்களாவது பேசறதுக்கு கெடைப்பாங்க."

"வாரேங்கா" என்பார் டீச்சர். போக மாட்டார். அவருடைய சபைக் கோயில் பஸ்ஸில் ஒன்றரை மணி தூரம். மாதம் ஒருமுறை போய், யாரோடும் பேசாமல் திரும்பி வருவார்.

பிள்ளைகள் ஏரிக்கரையில் மாடு ஓட்டிக்கொண்டு போகும்போது டீச்சரைப் பார்ப்பார்கள். ஒருநாள் தாண்டவராயன் கேட்டேவிட்டான்.

"இன்னா டீச்சர் பாக்குறீங்க?"

"எங்க ஊரப் பாக்கேன்லே."

"தெரியுதா?"

"கொஞ்சம் கொஞ்சம் தெரியுது."

அவ்வளவுதான் பேச்சு. தாண்டவராயன் போய் எல்லாரிடமும் சொன்னான். டீச்சர் பார்க்கிற பக்கத்தில் டீச்சர் ஊர் இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சம் தெரிகிறது. பிள்ளைகள் நாலைந்து நாள் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

அறுபத்தைந்தில் அம்மாவுக்குப் பார்வை மங்கியது. கடிதத்தை வேறு யாரோ எழுதித் தர, அடியில் கோணலாகக் கையெழுத்து மட்டும் வந்தது. டீச்சர் சொந்த மாவட்டத்துக்கு மாற்றல் கேட்டு மனுப் போட்டார். மனு எங்கெங்கோ சுற்றி, கடைசியில் ஒரு வரியில் வந்து நின்றது: பள்ளி ஆய்வில் திருப்தி என்று குறிப்பு வந்தால் பரிசீலிக்கப்படும். குறிப்பு எழுத வேண்டியவர் ரகுபதி என்ற இன்ஸ்பெக்டர். தை மாதம் ஜீப்பில் வந்து இறங்கினார்.

ரகுபதி கெட்டவர் அல்ல. பால் பவுடர் டப்பாவைத் திறந்து முகர்ந்தார், பதிவேட்டைப் புரட்டினார், வாய்ப்பாடு கேட்டார். தரையில் விரித்திருந்த படத்தைப் பார்த்து, "அட, படத்தைக் கீழே போட்டிருக்கீங்களே!" என்று ஆச்சரியப்பட்டார். வடக்கு எது என்றார். இருபத்தெட்டுக் கை வடக்கே நீண்டது. தென்மேற்கு எது என்றார். இருபத்தெட்டுக் கை தென்மேற்கே. கண்ணை மூடிக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றச் சொல்லிக் கேட்டார். ஒரு கைகூடப் பிசகவில்லை. பேனாவைத் திறந்தார். திருப்தி என்று எழுதப்போகிறவர் முகத்தில் வருகிற பெருந்தன்மை அவர் முகத்தில் வந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். போகிற போக்கில் டீச்சரையும் கௌரவப்படுத்துவோம் என்று நினைத்தார்.

"கடைசியா ஒண்ணு. உங்க டீச்சர் சொந்த ஊர் எந்தப் பக்கம் இருக்கு? எல்லாரும் காட்டுங்க பாக்கலாம்."

இருபத்தேழு கைகள், சந்தேகமே இல்லாமல், சந்தோஷமாக, வடக்கே ஸ்ரீபெரும்புதூர் ரோட்டைக் காட்டின.

இரண்டு வருஷமாகத் தனியாக உட்கார்ந்திருந்ததாக டீச்சர் நினைத்திருந்தார். தனியாக இல்லை. இருபத்தேழு பேர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

"திருநெல்வேலி ஜில்லா வடக்கேயா இருக்கு?" என்றார் ரகுபதி.

"ஆமா சார்," என்றான் தாண்டவராயன். "டீச்சருக்கு இங்கேர்ந்தே தெரியும் சார்."

வாசற்படி ஓரத்தில் ஒரு கை மட்டும் தெற்கே நீண்டிருந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். "தோ, டீச்சர் ஊரு ஏரிக்குள்ள கீதாம்டா!"

"நீ ஏம்மா அந்தப் பக்கம் காட்றே?" என்றார் ரகுபதி.

"டீச்சர் அந்தாண்டேர்ந்துதான் வந்தாங்க சார்," என்றாள் ராஜம்மா. "அன்னிக்கி மழைல பொட்டி தூக்கினு வந்தது எங்கப்பாதான். தெக்கால இருந்து வந்த பஸ்ஸுன்னு சொல்லிச்சு."

ரகுபதி டீச்சர் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணு சரியா, இவங்க எல்லாரும் சரியா? நீங்களே சொல்லுங்க."

ராஜம்மா நீட்டிய கையை இறக்காமல் டீச்சரைப் பார்த்தாள். ஒரு சொல் போதும். சரி என்று சொன்னால் மற்ற இருபத்தேழு பேர் ஏன் தப்பு என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் ஏரிக்கரையை, கடிதத்தை, மேற்கே உதிக்கிற சூரியனை எல்லாம் ஓர் இன்ஸ்பெக்டர் முன்னால் எடுத்துப் பரப்ப வேண்டும். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். திருப்தி என்ற வார்த்தை பேனாவுக்குள் திரும்பிப் போனது. கொஞ்ச நேரம் கழித்து ராஜம்மாவின் கை தானாக இறங்கியது.

பார்வையாளர் புத்தகத்தில் ரகுபதி எழுதியது இன்னும் இருக்கிறது. "மாணவர்களுக்குத் திசைகளின் பெயர் தெரிகிறது. பொருள் தெரியவில்லை. ஒரே ஒரு மாணவி மட்டும் தன் தந்தையிடம் கேட்டறிந்து சரியாக விடையளித்தாள். இக்குறை நீங்கும் வரை ஆசிரியையை இப்பள்ளியிலிருந்து மாற்றுவது உசிதமன்று."

பாடம் சரியில்லாத டீச்சரை அங்கேயே வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு. நன்றாக நடத்தியிருந்தால் அனுப்பிவிட்டிருப்பார்கள். சர்க்கார் மூளை இப்படித்தான் வேலை செய்யும் என்று தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை.

ஜீப் போனதும் தாண்டவராயன் ஓடி வந்தான். "பாஸா டீச்சர்?"

"பாஸுதாம்லே" என்றார் டீச்சர். அன்று சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. ஒரு வாரம் கழித்துப் போய்த் தெற்கே பார்த்து உட்கார்ந்து பார்த்தார். கால் மணி நேரம்கூட இருக்க முடியவில்லை. எழுந்து, எப்போதும் உட்காரும் பக்கமே திரும்பி உட்கார்ந்தார். பிள்ளைகள் அதன் பிறகு அந்த வழி வந்தால் மாட்டைத் தட்டிக்கொண்டு வேகமாகப் போனார்கள். யார் சொல்லிக்கொடுத்ததோ தெரியாது.

அம்மா அறுபத்தெட்டில் போய்விட்டார். தந்தி கிடைத்து டீச்சர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. திரும்பி வந்தவர் அப்புறம் மனுப் போடவில்லை.

ராஜம்மா அந்த ஆய்வுக்குப் பின் ஒரு மாதம்தான் வந்தாள். அப்பாவோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டாள். பிறகு பிள்ளைப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்தார்கள். போன வருஷம் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு காலனிக்குத் திரும்பி, மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தாள்.

"டீச்சர், என்னிய தெரியுதா?"

"ராஜம்மா. தெரியாம இருக்குமா? உக்காரு."

"குந்தறதுக்கு டைம் இல்ல டீச்சர், நடவு கீது. இவ பேரு காந்திமதி. நல்லா அடிச்சு சொல்லிக் குடுங்க."

டீச்சர் பதிவேட்டைத் திறந்தார். மை காய்ந்திருந்தது. பேனாவை உதறினார்.

"ராஜம்மா, அன்னைக்கு இன்ஸ்பெக்டர் வந்தப்போ..."

"இன்னா டீச்சர்?"

"ஒண்ணுமில்ல. பிள்ளைக்குப் பொறந்த தேதி என்ன?"

"தெரியல டீச்சர். நீங்களே ஒண்ணு போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டார். ராஜம்மா வரப்போடு நடந்து போனாள்.

"அன்னைக்கு ராஜம்மாதான் சரியாக் காமிச்சா. அவ ஒருத்திதான்." விசாரிக்க வருகிறவர்கள் கேட்பதற்கு முன்பே ஜெபமணி டீச்சர் இதைச் சொல்லிவிடுகிறார். அவளிடம் சொன்னீர்களா என்று கேட்டால், வகுப்பில் முன்வரிசையில் சிலேட்டோடு உட்கார்ந்திருக்கும் காந்திமதியை ஒருதரம் பார்த்துவிட்டு, "சொல்லணும்" என்கிறார்.